குரல் யாருடையது? முகம் யாருடையது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச எழுவோர் வள்ளுவரையோ இளங்கோவடிகளையோ கம்பரையோ துணைக்கொண்டு பேசுதல் வழக்கம். யாம் இன்று துணைக்கொண்டு வந்திருப்பதோ சினிமாப் பாட்டு; அதிலும் காதால் கேட்கும் பாட்டன்று, கண்ணால் காணும் பாட்டு. 'இதற்கும் ஒரு சொற்பொழிவா?' என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். இந்தப் புனே நகரில் ஊடகக் கல்வி பயிலும் மாணவர் யாம். 'மியூசிக் வீடியோ' என்று உலகம் வழங்கும் இசைப்படங்களின் மரபுகளை ஆராய்தல் எமக்கு வாய்த்த பாடங்களுள் ஒன்று. அப்பாடத்தைப் பயின்றபோது எம்மைப் பற்றியே ஓர் உண்மையைக் கண்டோம். அது நம் எல்லோரையும் பற்றிய உண்மையும் ஆகலாம் என்று கருதியே இங்கு வந்தோம்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. எமக்கு ஒன்பது வயது. இதே சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு திரைப்பாடலுக்கு யாம் ஆடினோம். பாடியது ஒலிபெருக்கி, இதழசைத்தவர் யாம். எமக்கு அந்நாளில் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆதலின் எம் அன்னையார் பாட்டு முழுவதையும் மராத்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பள்ளியில் கற்ற அவ்வெழுத்தில் ழகரம் இல்லை, ளகரமே இட்டிருந்தார். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேற்றுமை இல்லை. அத்தாளை மனப்பாடம் செய்து, ஒரு சொல்லின் பொருளும் அறியாமல், அழகாக வாயசைத்து ஆடி முடித்தோம். அவை கைதட்டியது. பரிசும் கிடைத்தது. அந்தக் கைதட்டலின் பொருள் யாதென்று பத்தாண்டுகளுக்குப் பின்னரே யாம் வினவத் தொடங்கினோம்.

கல்லூரியில், விரும்பிய ஒரு பாட்டுக் காட்சியைத் தெரிந்தெடுத்து ஆராய்க என்றனர். யாம் ஒரு பழைய தமிழ்க் காதற்பாட்டை எடுத்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதினோம். இப்போது தமிழ் கற்றிருந்தோம் அல்லவா? சொல்நயம், எதுகை, உவமை எல்லாம் எழுதினோம். ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தபோது மேலே ஒரே வரி இருந்தது: 'பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய், படம் எங்கே?' நாணம் பிடுங்கித் தின்றது. பின் அவரே ஒரு வழி சொன்னார். முதன்முறை ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேள். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்து நோக்கு. அவ்வளவுதான் அவர் கூறியது. அவ்வாறு நோக்கியபோது எம் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுந்தன. குரல் யாருடையது? முகம் யாருடையது? பாட்டுக் காட்சியின் மரபுகள் பலவும் இவ்விரு வினாக்களுக்கு விடையாகப் பிறந்தவை என்பதே எம் உரையின் சாரம்.

இதை ஆராய உலகெங்கும் அலைய வேண்டுவதில்லை. நம் ஊரே போதும். 1929இல் கோலாப்பூரில் தோன்றி 1933இல் புனேக்குக் குடிபுகுந்த பிரபாத் திரைப்பட நிறுவனத்தை நீங்கள் அறிவீர்கள். அது படம் பிடித்த வளாகத்தில்தான் 1960இல் அரசின் திரைப்படக் கல்வி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அந்தப் பிரபாத்தில், 1930களின் முற்பகுதியில், ஒரு தமிழ்ப் படமே உருவாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 'சீதா கல்யாணம்' என்பது அதன் பெயர். பாபநாசம் சிவன் இசையமைத்தார். எஸ். இராஜம் இராமனாகவும், அவர்தம் உடன்பிறந்த தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். அவர்களின் தம்பியாகிய சிறுவன் எஸ். பாலசந்தரும் ஒரு சிறு வேடத்தில் வந்தான். அச்சிறுவனை நினைவில் வைத்திருங்கள். பின்னர் அவனிடம் திரும்புவோம்.

அந்நாளில் பின்னணிப் பாடல் என்பதே இல்லை. நடிப்பவரே பாட வேண்டும். பாடவல்லவரே நடிக்க வேண்டும். காமிரா ஓடும்போதே பாட்டும் பதிவாகும். வாத்தியக்காரர்கள் காட்சிக்கு அப்பால், மரத்தின் மறைவிலும் திரையின் மறைவிலும் அமர்ந்து வாசிப்பார்கள். ஒலிவாங்கியைத் தலைக்கு மேலே தொங்க விடுவார்கள். பாடுபவர் அதை விட்டு அகன்றால் குரல் தேயும். ஆதலின் அவர் நின்ற இடத்திலேயே நின்று பாடுவார். காமிராவும் அசையாமல் அவரையே நோக்கும். இன்று காண்போர்க்கு அஃது ஒரு நாடக மேடைபோல் தோன்றும். ஆனால் ஒரு பேறு அதற்கு உண்டு. அங்கே குரலும் முகமும் ஒருவருடையவே. தியாகராஜ பாகவதரும் கே. பி. சுந்தராம்பாளும் மக்கள் உள்ளத்தில் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்க.

1936இல் பிரபாத் வெளியிட்ட 'சந்த் துக்காராம்' என்னும் மராத்திப் படத்தை இங்கே கூறாமல் இருத்தல் இயலாது. தாம்லே, பத்தேலால் என்னும் இருவர் இயக்கியது. மறு ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டுப் பெற்றது. துக்காராமாக வந்த விஷ்ணுபந்த் பாக்னிஸ் தாமே பாடினார். அதன் தொடக்கத்தில் ஓர் அரிய நுட்பம் இருக்கிறது. துக்காராம் தனித்திருந்து உருகிப் பாடுகிறார். அதே பாட்டைக் கோயிலில் சாலோமாலோ என்பவன் தன்னுடையதென்று சொல்லி, குலுக்கியும் மினுக்கியும் பாடுகிறான். சொல் ஒன்றே, முகங்கள் இரண்டு. ஒன்றில் பத்தி, மற்றொன்றில் பகட்டு. 'இந்தச் சொல் யாருடைய வாய்க்கு உரியது?' என்னும் வினாவைப் படம் ஒரு விளக்கவுரையும் இன்றி நம் கண்முன் வைத்துவிடுகிறது. காட்சியால் பாட்டுக்கு உரை எழுதுதல் என்பது இதுதான்.

ஆனால் காலம் மாறிற்று. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் 'தூப் சாவ்ன்' என்னும் இந்திப் படத்தில் பின்னணிப் பாடலைப் புகுத்தியது. தமிழில் 1938இல் வெளிவந்த 'நந்தகுமார்' அம்முறையைக் கைக்கொண்டது. ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த அப்படத்தை இயக்கியவர், பிரபாத்தை நிறுவிய ஐவருள் ஒருவராகிய கேசவராவ் தைபர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாட்டை முன்னரே பதிவு செய்துகொண்டு, படப்பிடிப்பின்போது ஒலிபெருக்கியில் அதை ஒலிக்கவிட, நடிகர் இதழ் மட்டும் அசைக்கலானார். குரல் ஒருவர்க்கும் முகம் ஒருவர்க்கும் ஆயிற்று. 1949இல் வந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். இசைத்தட்டில் அச்சான பெயரோ 'காமினி' என்னும் கதை மாந்தரின் பெயர்! குரலுக்கு உரியவர் பெயரே மறைந்துபோயிற்று.

இந்தப் பிளவு நேர்ந்த பின்னர்ப் பிறந்தவையே நாம் இன்று காணும் பாட்டு மரபுகள். காமிராவுக்கு விடுதலை கிடைத்தது. ஒலிவாங்கியின் கீழ் நிற்கவேண்டிய தளை அறுந்தது. நடிகர் மலையேறலாம், படகில் செல்லலாம், குதிரையிலும் பாடிக்கொண்டு பாயலாம். மூச்சிரைப்பு இல்லை, பாடுபவர் கூடத்தில் பாடி முடித்து வீடு திரும்பிவிட்டார் அல்லரோ? எனினும் விடுதலையோடு ஒரு பொறுப்பும் வந்தது. பிரிந்த இரண்டையும் ஒன்றென்று காண்பவரை நம்பச் செய்ய வேண்டும்.

அதற்கான முதல் மரபு, பல்லவி தொடங்கும்போது முகத்தை அண்மையில் காட்டுதல். குரல் எழும் அந்த நொடியில் இதழ் விரிவதைக் கண் காணுமாயின், 'இக்குரல் இம்முகத்திற்கே உரியது' என்று மனம் முத்திரை இட்டுவிடும். அதன்பின் காமிரா எங்கே அலைந்தாலும் நம்பிக்கை குலையாது. படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. அவற்றுள் நான்கைந்து சட்டம் இதழ் பிந்தினும் ஏதோ தவறென்று கண் உணர்ந்துவிடும். ஆதலின் படத்தொகுப்பாளர் இங்கே மிக விழிப்பாக இருப்பார். மற்றொரு பக்கம், பாடகர்களும் முகத்துக்கேற்பக் குரலை வளைத்தனர். டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் பாடினார். பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் 'இஃது இன்னார் படப் பாட்டு' என்று கூறவல்ல பெரியோர் பலர் இவ்வவையில் இருப்பீர்கள்.

இரண்டாம் மரபு இடையிசையைப் பற்றியது. பல்லவிக்கும் சரணத்திற்கும் இடையே வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதியில் இதழசைக்க வேண்டுவதில்லை. ஆகவே இடம் மாறுவதும் உடை மாறுவதும் ஆடல் குழுவினர் புகுவதும் பெரும்பாலும் அங்கேயே நிகழும். ஒரு சரணம் ஆற்றங்கரை என்றால் அடுத்த சரணம் மலைச்சாரல். 'ஒரு பாட்டுக்கு எத்தனை புடைவை!' என்று எம் பாட்டியார் வியப்பார். அந்தப் புடைவைகளின் காரணம் இடையிசையில் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்ல எமக்கு அப்போது தெரியவில்லை.

மூன்றாவது, நிலம் பற்றிய மரபு. இதைப் பாடமாகக் கேட்டபோது எமக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று தொல்காப்பியர் பிரித்தார் அல்லரோ? காதலர் கூடியவுடன் மலையில் பாடுவதும், பிரிந்தவுடன் கடற்கரையில் நின்று வருந்துவதும், மணல்வெளியில் தனியே நடப்பதும் உலகியலில் இல்லை. ஆயினும் குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல் என்று வகுத்த மரபில் வந்த நமக்கு, நிலத்தைக் கண்டவுடன் உணர்ச்சி விளங்குகிறது. இயக்குநர் எல்லோரும் தொல்காப்பியம் கற்றே படம் எடுத்தார்கள் என்று யாம் கூறவில்லை. நிலத்தையும் உள்ளத்தையும் இணைத்துக் காணும் பயிற்சி நமக்குப் பழமையானது என்பதே கருத்து. காதலர் நெருங்கும்போது காமிரா விலகி, இரு மலர் உரசுவதையோ இரு பறவை அமர்வதையோ காட்டுகிறதே, அதை உள்ளுறை என்னாமல் வேறென்னென்பது? தணிக்கைக்கு அஞ்சி எழுந்த வழக்கமே எனினும், அதைப் பொருள்கொள்ள நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இனி மேலை நாட்டை நோக்குவோம். 1981 ஆகஸ்டு முதல் நாளன்று அமெரிக்காவில் எம். டி.வி. என்னும் தொலைக்காட்சி தொடங்கியது. காட்சி வந்து வானொலிப் பாடகனைக் கொன்றது என்னும் கருத்துடைய பாட்டையே அது முதலில் ஒளிபரப்பியது. ஆண்ட்ரூ குட்வின் என்னும் அறிஞர் 1992இல் எழுதிய நூல் இன்றும் எம் வகுப்பில் பாடமாக இருக்கிறது. சொல்லுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை அவர் மூன்றாக வகுத்தார். சொன்னதையே காட்டுதல் ஒன்று. சொன்னதை விரித்து மிகுதியாகக் காட்டுதல் ஒன்று. சொன்னதற்குத் தொடர்பின்றியோ முரணாகவோ காட்டுதல் ஒன்று. பாடகரின் முகம் அடிக்கடி அண்மையில் தோன்ற வேண்டும் என்பதும் அங்கே ஒரு மரபு. காரணம் வாணிகம். இசைத்தட்டு நிறுவனம் விற்பது பாடகரை. ஆதலின் குரலுடையவர் முகமே திரையை நிறைக்க வேண்டும். நம் படப்பாட்டு விற்பது நடிகரை. ஆகவே குரலுடையவர் திரைக்குப் பின்னேயே நின்றுவிட்டார். ஒரே கலைதான், முகத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு வழிகள்.

இந்த அறிவோடு எம் பழைய காதற்பாட்டை மறுபடியும் எடுத்தோம். வகுப்பில் ஒலியை அடைத்துவிட்டுத் திரையிட்டோம். உடன் பயில்வோருள் தமிழ் அறிந்தவர் எவரும் இலர். படம் முடிந்ததும் ஒரு மராத்தித் தோழி கேட்டாள்: 'அவன் ஓயாமல் பேசுகிறான். அவள் ஏன் ஒன்றும் பேசுவதில்லை?' யாம் திகைத்தோம். நூறு முறை கேட்ட பாட்டு! அதில் கண், கூந்தல், நடை என்று அவளைப் பற்றியே எல்லாம். சொல் சொல்லும் உறுப்பையெல்லாம் காமிராவும் தொடர்ந்து காட்டுகிறது. நோக்குபவன் அவன், நோக்கப்படுபவள் அவள். அவள் இதழ் ஒருமுறையும் அசையவில்லை. சொல்லின் இனிமை எம் கண்ணை மறைத்திருந்தது. தமிழ் அறியாத ஒருத்தி கண்டதைத் தமிழ் அறிந்த யாம் காணவில்லை. அன்றுதான் ஒன்று விளங்கியது: மரபு என்பது குற்றமன்று, ஆனால் மரபென்று அறியாமல் அதில் மூழ்கிக் கிடத்தல் குற்றமே.

மரபை அறிந்தவரே அதை மீறவும் வல்லவர். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன சிறுவன் பாலசந்தரிடம் இப்போது திரும்புவோம். பாட்டு மிகுந்த படங்களின் காலத்தில் வளர்ந்து, பின்னாளில் வீணையில் பெரும்புகழ் எய்திய அவர், 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக 'அந்த நாள்' என்னும் படத்தை இயக்கினார். அதில் பாட்டும் இல்லை, நடனமும் இல்லை! இசை அறியாதவர் பாட்டை நீக்கினால் அது குறை. இசையில் ஊறியவர் நீக்கினால் அது தேர்ந்த முடிவு. அவ்வாறே நம் ஊர்த் திரைப்படக் கல்வி நிறுவனத்தில் ஒளிப்பதிவு பயின்ற ஈழத் தமிழராகிய பாலு மகேந்திரா, பாட்டுக் காட்சிகளில் அழகு கண்டவர், 1988இல் வெளிவந்த 'வீடு' என்னும் படத்தைப் பாட்டே இன்றி அமைத்தார். குரலும் முகமும் பிரியாத ஒரு குடும்பத்தின் துயரை அங்கே காண்கிறோம்.

அண்மைக் காலத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2011 நவம்பரில் '3' என்னும் படத்திற்காகத் தனுஷ் பாடிய 'கொலவெறி' என்னும் பாட்டின் காட்சி இணையத்தில் உலகெங்கும் பரவியது. அதில் மலையும் இல்லை, கடலும் இல்லை. ஒலிப்பதிவுக் கூடமும் ஒலிவாங்கியும் காதில் ஒலியணியோடு பாடுபவரும் மட்டுமே. இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்த கூடமே காட்சியாகிவிட்டது. 2021இல் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. அதில் அறிவின் பாட்டியாராகிய வள்ளியம்மாள் தாமே தோன்றினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் அவர். யாருடைய வாழ்வு பாட்டாயிற்றோ அவர் முகமே திரையில்! அதைக் கண்டபோது, குலுக்கி மினுக்கிய சாலோமாலோவும், தனித்திருந்து உருகிய துக்காராமும் எம் நினைவில் எழுந்தனர். உரியவர் முகம் உரிய பாட்டோடு சேரும்போது உண்டாகும் ஆற்றலுக்கு எந்தப் புடைவையும் எந்த மலைச்சாரலும் ஈடாகா.

பெரியோர்களே! இவ்வளவும் கூறியது எதன்பொருட்டு? அந்த ஒன்பது வயதுக் குழந்தையின் பொருட்டே. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் குழந்தைகள் கேட்கும் தமிழ் இரண்டே வகை. ஒன்று அடுக்களைத் தமிழ். மற்றொன்று பாட்டுத் தமிழ். அடுக்களையில் நாம் தமிழில் கேட்டால் அவர்கள் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ விடை கூறுகிறார்கள். ஆகவே தமிழ்ச் சொற்கள் அவர்கள் நாவில் தாமாகவே ஏறும் இடம் பாட்டு ஒன்றே. அதையும் நாம் இதழசைப்பாக்கி மேடையேற்றுகிறோம். குரல் எங்கோ சென்னையில் யாருடையதோ. முகம் மட்டும் நம் குழந்தையுடையது. பின்னணிப் பாடலின் மரபை நம் வீட்டுக்குள்ளேயே அரங்கேற்றி வருகிறோம் என்று உணர்ந்தபோது எம் நெஞ்சம் துணுக்குற்றது. அன்று எமக்குக் கிடைத்த கைதட்டல் எம் முகத்திற்கே உரியது. எம் குரலுக்கு உரியதன்று.

ஆண்டுதோறும் ஆடித் திங்களை ஒட்டித் தேஹுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கும் நம் தெருக்கள் வழியே பண்டரிபுரம் நோக்கிச் செல்கின்றன. கூட வரும் உழவரும் மூதாட்டியரும் அபங்கம் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். சுருதி விலகுகிறது, குரல் கம்முகிறது. ஆயினும் எவரும் இதழ் மட்டும் அசைப்பதில்லை. அண்டை வீட்டாரிடம் கற்கத் தக்கது ஒன்று இருக்குமாயின் அஃது இதுவே.

ஆதலின் ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கிறோம். குழந்தைகள் ஒலித்தட்டுக்கு ஆடட்டும். அதை யாம் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டையேனும் அவர்கள் தம் குரலில் பாடட்டும். தாளம் தவறினும் தவறுக. பாட்டைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுப்போம். ழகரத்திற்கு ழகரத்தையே இடுவோம். அச்சொற்களின் பொருளை ஒரு மாலைப்பொழுது அமர்ந்து சொல்லிக் கொடுப்போம். ஞாயிறுதோறும் அதற்கென வந்து உதவ யாம் அணியமாக இருக்கிறோம். எம்மோடு பயிலும் நண்பர் சிலரும் இசைந்திருக்கிறார்கள். அன்று மேடையில் குரலும் முகமும் ஒருவருடையனவாக இருக்கும். அந்தக் கைதட்டலுக்கு முழுவதும் உரியவர் நம் குழந்தைகளே ஆவர்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!